துருத்தி

நாற்பது வயது தாண்டும் வரையில் மதுவைக் கையாலும் தொடாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்ன, திமிர் என்றே சொல்லிவிடலாம். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு ஜாதி. அப்பன் வழியே போகிறவர்கள் ஒரு ஜாதி. அந்த வழியைப் பார்த்துவிட்டு ஜன்மத்துக்கும் எதிர்த் திசையில் நடக்கிறவர்கள் இன்னொரு ஜாதி. நான் இரண்டாவது. கலியாண விருந்துகளிலும் இலக்கியக் கூட்டம் முடிந்த பிற்பாடு நடக்கும் கூட்டங்களிலும் நண்பர்கள் கிளாஸை நீட்டும்போது, 'வேண்டாம்' என்று நான் சொல்லுகிற தோரணையிலேயே அவர்களுக்குப் பாதி போதை இறங்கிவிடும் என்பார்கள்.

அப்பேர்ப்பட்ட நான், 2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு விடியற்காலை, இங்கிலாந்து தேசத்தில் ஒரு கிழவருடைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறையில், இருபது லிட்டர் பீரைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றேன். அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காள் மகள் அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். "மாமா, நாவல் எழுத இடமில்லை, சத்தம், சத்தம் என்று புலம்புகிறீர்களே, இங்கே வந்து மூன்று மாதம் இருங்கள். காக்காய்கூடக் கத்தாது" என்று கூப்பிட்டாள். போனேன். காக்காய் கத்தவில்லை என்பது வாஸ்தவம். நாவலும் நகரவில்லை என்பது வேறு விஷயம்.

ஊரின் பெயர் பர்ட்டன் அபான் டிரெண்ட். டிரெண்ட் நதிக்கரை ஊர். தஞ்சாவூர் என்றால் நெல் என்கிற மாதிரி பர்ட்டன் என்றால் பீர். காரணம் அந்த ஊர்த் தண்ணீர். பூமிக்கு அடியில் ஜிப்ஸம் பாறை. அதில் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீரில் கால்சியம் சல்பேட் அதிகம். அந்தத் தண்ணீரில் காய்ச்சினால்தான் கசப்புச் சுத்தமாக நாக்கில் நிற்குமாம். வேறு ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்ஸம் பொடியைக் கலந்து, அதற்குப் 'பர்ட்டனாக்குதல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் தாகத்துக்கு முதலில் லண்டனிலிருந்துதான் பீர் வந்துகொண்டிருந்தது. 1820-களில் பர்ட்டன்காரர்கள் அந்த வியாபாரத்தில் நுழைந்து மெதுவாகத் தட்டிக்கொண்டு போனார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு மாதக் கணக்காகக் கப்பலில் உருண்டு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்ச் சேர்ந்த பீப்பாய்களில் எத்தனையோ இந்த ஊர்ப் பீப்பாய்கள். நாங்கள் இருந்த தெருவிலேயே சில நாள் காற்று திரும்பினால், கேழ்வரகை வறுத்துக் கஞ்சி வைத்த மாதிரி ஒரு வாசனை வரும்.

அண்டை வீட்டுக்காரர் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. மனைவி காலமாகி இரண்டு வருஷம். நான் வாசலில் பேனாவும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருப்பதை நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நீங்கள் எழுத்தாளர் என்று உங்கள் மருமகள் சொன்னாள். எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஒத்தாசை என்பது ஒரு பெரிய பானையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்குவது. இன்னொரு காதை அவர் பிடித்தார். மூட்டு வாதத்தில் அவருடைய விரல்கள் இஞ்சிக் கிழங்கைப் போல முறுக்கிக்கொண்டிருந்தன.

பானையில் இருந்தது பீராகப் போகிற கஷாயம். 'இதை வீட்டில் காய்ச்சலாமா, போலீஸ் வராதா?' என்று தமிழ்நாட்டுக்காரனுக்குரிய முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்தார். 1880-ல் கிளாட்ஸ்டன் பிரதம மந்திரியாக இருந்தபோது வந்த சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியிருந்ததாம். 1963-ல் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அதிலிருந்து அவரவர் குடிக்க அவரவர் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நம்மிடமோ 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் புஸ்தகத்தில் இருக்கிறது. 2003-லிருந்து சர்க்காரே கடை வைத்து விற்கவும் செய்கிறது. வீட்டில் காய்ச்சினால் குற்றம், கடையில் வாங்கினால் வருமானம். இதை அந்தக் கிழவருக்கு விளக்க நான் அரைமணி நேரம் பாடுபட்டேன். கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கே சொல்லச் சொல்லக் குழப்பமாகிவிட்டது.

காய்ச்சுகிற விதத்தை அதிகம் விவரிக்கவில்லை. முளை கட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, கை பொறுக்காத சூட்டில் (65, 66 டிகிரி) வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால், மாவெல்லாம் சர்க்கரையாக மாறித் தண்ணீர் இனிக்கும். அதை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவிவிட வேண்டியது. ஒரு வாரம், பத்து நாள் நுரைத்து அடங்கும். இதில் நமக்குப் புதிது ஒன்றுமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வருகிற தோப்பி வீட்டில் சமைத்த அரிசிக் கள்தான். களியாகக் காய்ச்சிய அரிசியில் முளை நெல்லை இடித்துக் கலந்து சாடியில் வைக்கிற சமாசாரமும் அந்தப் பாட்டிலே இருக்கிறது. பர்ட்டன் கிழவருக்கு இதைச் சொன்னபோது, "எத்தனை வருஷம் முன்னால்?" என்றார். "ஏறக்குறைய ரெண்டாயிரம்" என்றேன். தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது காய்ச்சுவதைப் பற்றி அல்ல. காய்ச்சியதை வைக்கிற பாத்திரத்தைப் பற்றி.

அவர் மனைவி இருந்த காலத்தில் புட்டிகளில் அடைப்பார்களாம். ஒரு தடவை காய்ச்சினால் முப்பத்தாறு பைண்ட், ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அரை லிட்டர் புட்டியில் கணக்குப் போட்டால் நாற்பது புட்டி. அந்த அம்மாள் நாற்பதையும் கழுவிக் கவிழ்ப்பாள். இவர் நிரப்பி மூடி அடிப்பார். அம்மாள் போன பிறகு ஒருமுறை தனியாக முயன்றிருக்கிறார். பதினோராவது புட்டியில் விரல்கள் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. அளவைக் குறைத்துக் காய்ச்சலாமே என்றேன். "பத்துப் பைண்டுக்கும் அதே அடுப்பு, அதே பானை, அதே ஐந்து மணி நேரம். தவிரவும் அது அழுகை வரவழைக்கிற காரியம்" என்றார். ஆகவே பைக்கு மாறினார்.

அந்தப் பைக்குப் பாலிபின் என்று பெயர். 'பின்' என்பது அங்கே மரப் பீப்பாய்களில் சின்ன ஜாதி. நாலரை காலன் பிடிக்கும். அதே அளவில் மெல்லிய, வளைகிற பாலித்தீனில் சதுரமாகச் செய்த பை அது. நிற்பதற்கு ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் துளை வழியே மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு திருகு குழாய். பார்த்தால் அடச் சீ, இவ்வளவுதானா என்று இருக்கும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

எண்ணெய் டின்னை உடைத்தவர்களுக்கு இது தெரியும். ஒரு துளை போட்டால் எண்ணெய் வராது, 'டபக் டபக்' என்று திணறும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் ஒழுங்காக ஒழுகும். மரப் பீப்பாயும் அப்படித்தான். ஒரு கிளாஸ் பீர் வெளியே வந்தால் ஒரு கிளாஸ் காற்று உள்ளே போகவேண்டும். காற்றுப் பட்டால் பீர் இரண்டு மூன்று நாளில் சுவை கெடும், அப்புறம் புளிக்கும். கடை என்றால் அதற்குள் தீர்ந்துவிடும். தனிக் கிழவர் என்ன செய்வார்? முப்பத்தாறு பைண்டை மூன்று நாளில் குடிப்பதா? பைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு கிளாஸ் எடுத்தால் பை ஒரு கிளாஸ் அளவுக்கு ஒடுங்கிக்கொள்கிறது. காற்றுக்கு உள்ளே வேலையே இல்லை. ராத்திரி ஒன்று, என்றைக்காவது இரண்டு என்று வாரக் கணக்கில் குடிக்கலாம்.

இந்த யோசனை முதலில் பீருக்காகத் தோன்றியதல்ல. 1955-ல் வில்லியம் ஷோல் என்ற அமெரிக்க ரசாயனக்காரர் பாட்டரி அமிலத்தை அபாயமில்லாமல் அனுப்புவதற்காகப் பெட்டிக்குள் பையை வைத்தார். 1965-ல் தாமஸ் ஆங்கோவ் என்ற ஆஸ்திரேலியர் திராட்சை மதுவைப் பையில் அடைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பைக்குக் குழாய்கூடக் கிடையாது; மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டுக் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டியது. இருமல் மருந்திலிருந்து இன்பப் பானம் வரையில் எல்லாவற்றுக்கும் முன்னோடி ஏதோ ஒரு அமிலமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

கிழவர் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையின் விளிம்பில் வைத்திருந்தார். குழாய்க்கு அடியில் கிளாஸ் நிற்கிற உயரம். ஒரு முறை வைத்த பிறகு அசைக்கக்கூடாது. அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கிவிடும். முதலில் வருகிற கால் கிளாஸைக் கொட்டிவிட வேண்டும். குழாய் மூக்கில் தங்கிய வண்டல் அதோடு போய்விடும். பையில் இருக்கிற பீருக்குப் புட்டி பீரைப் போல நுரைக் கொழுப்பு இராது. அந்த ஊர்ப் பழைய பீருக்கு அதுவே லட்சணம் என்பது அவர் கட்சி. பாலித்தீன் வழியாகவும் காற்று மெல்ல மெல்லக் கசியும், ஆகையால் மாதக் கணக்கில் வைப்பதற்குப் பை ஆகாது, கண்ணாடிதான் வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அட்டைப் பெட்டியின் பக்கத்தில் பேனாக் கத்தியால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். அதற்குள் விரலை விட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பன்னிரண்டு" என்பார். சரியாக இருக்கும்.

விபரீதம் நேர்ந்தது அடுத்த காய்ச்சலில். ஹைட்ராமீட்டர் என்று ஒரு கருவி. நம் பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடுகிறார்களே, அந்த ஜாதி. தொடக்கத்தில் 1040 காட்டும். சர்க்கரை தீரத் தீர இறங்கி 1010-க்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு நாள் ஒரே அளவு காட்டினால் நுரைப்பு முடிந்தது, பையில் அடைக்கலாம் என்று அர்த்தம். அந்த முறை 1016-ல் நின்றது. இரண்டு நாள் பார்த்தார், அசையவில்லை. அடைத்துவிட்டோம். 'விட்டோம்' என்றுதான் சொல்லவேண்டும், பையைப் பிடித்தவன் நான். நுரைப்பு முடியவில்லை, பின்கட்டுக் கொட்டகையின் குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அந்தக் கதகதப்பில் விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார். ராத்திரி உடுப்போடு நின்றார். "என்னால் தூக்க முடியாது" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஓடினேன். பை ஊதிப் பருத்து அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, பலகையிலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெடித்தால் அந்த வீட்டுக் கம்பளமெல்லாம் பீர். பையைத் தூக்கி, குழாய் மேலே வரும்படி நிமிர்த்தி, கொஞ்சமாகத் திருகிக் காற்றை இறக்கவேண்டும். அவர் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல நான் குனிந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. வழுவழுவென்று, விம்மிக்கொண்டு, உள்ளே ஏதோ உயிர் புரள்வது போலத் தளும்பும் அந்தக் கனம் மார்பில் பட்டதும், என் கைகளுக்கு முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. எனக்கு அல்ல, கைகளுக்கு. எனக்கு அப்புறம்தான் வந்தது.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். 1989-ல் எனக்கு ஒன்பது வயது. மலையில் ஊறல் போடுவார்கள். வெல்லமும் வெள்வேலம்பட்டையும் ஊறிக் காய்ச்சின சாராயம் கீழே இறங்குவது லாரி டியூப்பில். மாலையைப் போலத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இருட்டில் வருவார்கள். விழுந்தால் உடையாது, சத்தம் போடாது, போலீஸ் வந்தால் கிணற்றில் போட்டுவிடலாம். தீர்ந்தால் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளலாம். பர்ட்டன் பையின் அத்தனை குணங்களும் அதற்கு உண்டு. (இப்போது டியூப்பின் இடத்தைப் பாக்கெட் பிடித்துவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பார்லியிலோ வெல்லத்திலோ நுரைக்கிறபோது தானாக வருகிற விஷமல்ல அது. தொழிற்சாலைச் சரக்கை மனிதன் கொண்டுவந்து கலப்பது.)

அப்படி ஒரு டியூப் சில ராத்திரிகளில் எங்கள் குடிசையிலும் இருக்கும். பாயின் தலைமாட்டில் சாக்குப் போட்டு மூடியிருப்பார்கள். எனக்கு அது தலையணை. ரப்பர் நாற்றமும் சாராய நெடியுமாக, தலையை அசைத்தால் உள்ளே 'தளக்' என்னும். ஒரு ராத்திரி அம்மா என்னைப் புரட்டித் தள்ளிவிட்டு, அதை இழுத்து வாசலில் போட்டு அரிவாள்மணையால் அறுத்தாள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதேன். எனக்கு அது பொம்மை மாதிரி. கிழிபட்ட டியூப் என் கைக்குள்ளேயே சுருங்கியது. வாசல் மண் சாராயத்தைக் குடித்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை நான் கதையாக எழுதினேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வந்தது. குடிகாரப் புருஷனின் சாராயத்தை அறுத்துக் கொட்டுகிற வீரத் தாய். வெட்கித் தலை குனிகிற தகப்பன். எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கதைகளில் அது ஒன்று. தொகுப்புகளில் சேர்த்தார்கள்.

"திருகுங்கள்! திருகுங்கள்!" என்று கிழவர் கத்தினார். திருகினேன். 'புஸ்' என்று காற்றும், அதன் பின்னாலேயே நுரையும் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. உதட்டில் பட்டதை நக்கிவிட்டேன். நாற்பது வருஷத்துப் பதிவிரதம் அந்த ரீதியில் முடிந்தது. கசப்பு. வேப்பம்பூ ரசத்தை நீராகாரத்தில் கலந்த மாதிரி. மோசமில்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகக் கூச்சமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் தினமும் காலையில் போய்ப் பைக்குக் காற்று இறக்குவது என் உத்தியோகமாயிற்று. வயிறு உப்பிய குழந்தைக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கிற பாட்டியின் பொறுமையோடு செய்தேன். அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் புரிந்தது. நான் படித்தது பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம். புது ரசத்தைப் பழைய துருத்தியில் வைக்காதே என்கிற உபதேசத்தை அங்கே மனப்பாடம் செய்திருக்கிறேன். துருத்தி என்றால் எனக்குக் கொல்லன் பட்டறைத் துருத்திதான். அதில் எதற்கு ரசத்தை ஊற்றுகிறார்கள் என்று வாத்தியாரைக் கேட்டுக் குட்டு வாங்கியிருக்கிறேன். ஆட்டுத் தோல் பை அது. புதுத் தோல், உள்ளே நுரைக்கிற ரசத்தோடு தானும் விரிந்து கொடுக்கும். விரிந்து விரிந்து விறைத்துப்போன பழந்தோல் கொடுக்காது, வெடிக்கும். தச்சர் வீட்டுப் பிள்ளை சொன்ன உவமையை ரெயில்வேக்காரர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கற்றுக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அரைக் கிளாஸ் அவரோடு உட்கார்ந்து குடித்தேன். எங்கள் ஊர் டியூப் கதையையும் சொன்னேன். அச்சான கதையைச் சொன்னது போலவே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்கள் அப்பாவுக்கு அது எவ்வளவு நஷ்டம்?" என்றார். வீரத் தாயைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள். நஷ்டத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

பயணத்தன்று, பிரிக்காத புதுப் பை ஒன்றை மடித்துக் கொடுத்தார். "தண்ணீர்க் கஷ்டம் என்றீர்களே, தண்ணீர் பிடித்து வையுங்கள்" என்றார்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மா என்னோடு இருக்கிறாள். பையைப் பார்த்து, "என்னடா இது?" என்றாள். சொன்னேன். அரைக் கிளாஸையும் சேர்த்தே சொன்னேன். பையை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். மறுபடி மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து, கருணாபுரத்துச் சமாசாரம் டெலிவிஷனில் இரண்டு நாள் ஓடிற்று. வரிசையாகப் பாடைகள். எங்கள் ஊருக்கு அது தூரமில்லை. அம்மா சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"டியூப்பை அறுத்ததை ஒரு கதையா எழுதினியே, தம்பி. அது வந்தப்பவே பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு."

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"நல்லாத்தான் எழுதியிருந்தே. ஆனா உங்கப்பா அன்னிக்கெல்லாம் குடிக்கறதில்லைடா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ராத்திரிக்கு வெச்சிருந்து காலையில குடுத்தா பத்து ரூபா குடுப்பான். உனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணும். நான்தான் அது வீட்டுல இருக்கக்கூடாதுன்னு கத்துவேன். புள்ள அது மேல தலைய வெச்சுத் தூங்குதேன்னு ஒரு நாள் எனக்கு வெறி வந்துடுச்சு. அறுத்துட்டேன். சரக்குக்காரன் நானூறு ரூபா கேட்டான். என் மூக்குத்தி போச்சு. மிச்சத்துக்கு அவரை மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆறு மாசம் டியூப் தூக்கினாரு. மேலே குளிருன்னு குடுத்திருக்கானுங்க. அங்கேதான் பழகினது."

அப்பா 2003-ல் ஈரல் கெட்டு இறந்தார். அதற்கு முன்னால் எத்தனையோ ராத்திரி அவரைத் தெருவிலிருந்து தூக்கி வந்திருக்கிறேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. அப்பா பக்கத்துல படுத்தா சாராய வாடை அடிக்கும்."

"டியூப்பு மேல தலைய வெச்சுப் படுத்தா வேற என்ன வாடைடா அடிக்கும்?" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டதைச் சொல்லுகிற குரலில் சொன்னாள். தொகுப்பின் அடுத்த பதிப்புக்குப் பதிப்பாளர் திருத்தம் உண்டா என்று கேட்டபோது, அந்தக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன். எங்கே கை வைத்தாலும் முழுவதும் கிழிய வேண்டியிருந்தது. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குத் தண்ணீர் லாரி வருகிற நாள். அம்மா பரணிலிருந்து பையை இறக்கச் சொன்னாள். கழுவி, குழாயின் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, தெருவுக்குக் கொண்டு போனேன். கால் பை, அரைப் பை என்று நிரம்பிக்கொண்டே வந்தது. கட்டிக்கொண்டுதான் தூக்கவேண்டியிருந்தது. சமையலறை முக்காலியில், குழாய் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். அம்மா ஒரு டம்ளர் பிடித்தாள். பை லேசாக ஒடுங்கிற்று. அவள் குனிந்து முக்காலிக்கு அடியில் தரையைக் கையால் துழாவிப் பார்த்தாள்.

"ஓட்டை ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"இல்லைம்மா. புதுசு" என்றேன்.